ஜெயபாய் நேர்ந்துவிட்ட வரிக்கைப் பலா

எலிசா ஓவர்சியர் தக்கலைக்கு மேற்கே தம் தோப்பில் புதுமாதிரி வீடு கட்டத் தொடங்கியபோது, அவர் மனைவி ஜெயபாயின் நெஞ்சு சுக்குநூறாக உடைந்தது. தட்டைக் கான்கிரீட் கூரை அவளுக்குச் சம்மதம். வேளிமலை முழுவதும் தெரியும் கண்ணாடிச் சுவரும் சம்மதம். ஆனால் முன்னறை வரவேண்டிய இடத்தில், கல்யாணமாகி வந்த வருஷம் அவள் நட்ட வரிக்கைப் பலா நின்றது. ஊரார் சக்கை என்று சொல்லும் பலாக்காய் அதில் முதன்முதலாகப் பிஞ்சு பிடித்திருந்தது.

“ஏட்டி, சக்கைக்காக வீட்டை வளைக்கச் சொல்லுதியா? திங்கக்கிழமை மரத்த முறிக்க ஆள் வருது.”

“என்னையும் சேத்து முறிச்சுப் போடுங்க!”

அவள் கண்ணீர் விழுந்த வரைபடத்தை அவர் பத்திரமாக ஒற்றி எடுத்தார்.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஜெயபாய் கண்ணை மூடி, அவசர அவசரமாக மரத்தைச் சபைக்கு நேர்ந்துகொண்டாள். ஆலயத்தில் பொய் சொல்லக்கூடாதல்லவா! பிறகுதான் எழுந்தாள்.

“எங்க பலாவக் கர்த்தருக்கு நேர்ந்திருக்கேன். அதுல காய்க்கிற சக்கை முழுசும் அறுப்பின் பண்டிகைக்கு!” என்று தேம்பினாள். பெண்கள் பக்கம் மொத்தமும் மூக்கைச் சிந்தியது. ஒரு சக்கை என்றுதான் சொல்ல நினைத்தாள். அழுத வேகத்தில் ‘முழுசும்’ என்று வாயில் வந்துவிட்டது.

நேர்ச்சை மரத்தில் யார் கோடாரி வைப்பார்? வீடுதான் மரத்தைச் சுற்றி வளைந்தது. நடுவில் முற்றம், மூன்று பக்கமும் கண்ணாடி. பழுத்த வாசனை சாப்பாட்டு மேசைவரை வந்து அவளை வதைத்தது.

“ஒரு சுளை எடுக்கட்டா?” என்பார் எலிசா, குறும்பாக.

“தொடப்பிடாது!” என்பாள், எச்சிலை விழுங்கிக்கொண்டு.

பண்டிகையன்று ஆலய வாசலில் காணிக்கைப் பொருள்களின் ஏலம். சபைப் பொறுப்பாளர் டீக்கனார் ஞானையன் முதல் சக்கையைத் தூக்கியதும் ஜெயபாய் ஏலம் கேட்டாள். ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் அதற்கு மேல் கேட்டது. திரும்பினாள். கைப்பிடித்த கணவன்! அவள் ஏற்றினாள், அவரும் ஏற்றினார்.

“லே எலிசா, வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சிக்கப்பிடாதா?” என்றார் ஒருவர்.

“பேசாதிரும் ஓய், சபைக்கு நல்லதுதானே!” என்று ஞானையன் அதட்டினார்.

ஜெயபாய்க்கு மூச்சு வாங்கியது, நிறுத்தினாள். எலிசா சக்கையைத் தோளில் சுமந்து வந்து அவள் காலடியில் இறக்கினார். வெள்ளைச் சட்டையெல்லாம் பலாப்பால்.

“முறிக்க நினைச்சேன்லா, அதுக்குப் பிராயச்சித்தம். இந்தா.”

அவள் கண்கள் குளமாயின.

“நல்ல மனுஷன்! என்கிட்ட விட்டிருந்தா பாதி விலைக்கு முடிஞ்சிருக்குமே?”

அதற்குள் ஞானையன் அடுத்த சக்கையைத் தூக்கிவிட்டார். ஜெயபாயின் கை மேலே எழும்பியது. எலிசா பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டார்.