கட்டிலுக்கு அடியில் கரி மூட்டைகள்

"கரி பொறுக்கின கைக்கு வேற வேலை எங்க வரும்?" என்று டீக்கடைக்காரர் ஒருமுறை அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது, பள்ளிச் சீருடையில் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் எஞ்சின் ஷெட். நீராவி எஞ்சின்கள் கொட்டும் சாம்பலில் பாதி எரிந்த கரி கிடக்கும். அம்மாவும் தெருப் பெண்களும் தண்ணீர் தெளித்து ஆற்றி, சலித்து, டீக்கடைகளுக்கு விற்பார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தச் சாம்பல்தான் என்னைப் படிக்க வைத்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

டீசல் எஞ்சின் வரப்போகிறது என்றதும், ஷெட்டில் நிரந்தர வேலையில் இருந்தவர்களை ரயில்வே அதிகாரிகள் கூப்பிட்டுப் பேசினார்கள். சிலருக்கு வேறு ஊர், சிலருக்குப் புது எஞ்சினில் பயிற்சி. பொறுக்குகிற பெண்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கரி கிடைக்காமல் போனால் விலை ஏறும், இப்போதே சேர்த்துவைக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில், குளிக்கிற மறைப்பில், எங்கும் மூட்டை.

"இன்னாக்கா, கரிய தங்கமாட்டம் சேக்குற, நகைக்கடை வெக்கப் போறியா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"போடி, உன் வூட்ல கால் வெக்க எடமில்ல. என்னை கேக்க வந்துட்டா."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூட்டைமேல் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

டீசல் எஞ்சின் வந்தது, ஷெட்டில் புகை நின்றுபோனது. அம்மா முதல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனாள். கரியடுப்பு இருந்த இடத்தில் கேஸ் சிலிண்டர் நின்றது. "வேணாம்மா, இதுல புகையே இல்ல" என்று சொல்லி, அவளுக்கு ஒரு டீ கொடுத்தார் கடைக்காரர். காசு வாங்கவில்லை. அந்த டீயை அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை.

தெருவில் எல்லார் வீட்டிலும் அதே மூட்டைகள். வாங்க ஆளில்லை. வெந்நீர் போட்டே தீர்த்தோம். அம்மா வீட்டு வேலைக்குப் போனாள். புகை போனதில் எனக்கு வருத்தமில்லை. அவளுடைய இருமல்கூடக் குறைந்தது. "முன்னாடியே ஒருத்தர் வந்து சொல்லியிருந்தா, எதையாவது கத்துக்கிட்டிருப்பேன்" என்று அவள் சொல்லும்போதுதான் தாங்கவில்லை.

இப்போது பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சாயத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அங்கே பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுவது கான்ட்ராக்டர் அனுப்பும் ஒப்பந்தப் பெண்கள். கரியே தேவைப்படாத புது பாய்லர் வரப்போகிறது என்று அலுவலகத்துக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பழையதை நிறுத்துமுன் பேக்கிங் பிரிவில் அவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடுக்கலாமே என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"அவங்க நம்ம ஆளுங்களே இல்லையேம்மா" என்றார்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் பக்கத்துக் கரிக்குவியலுக்குப் போய் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு, கரி படிந்த புடவைகளோடே, மேனேஜர் அறைக் கதவைத் தட்டினேன்.