மாமா விசாரித்த கல்யாணம்

என் தாய்மாமா மதுரையில் சிவில் வக்கீல். வழக்குப் போட்டவருக்கு அவர் ஆஜராக மாட்டார். யார்மீது போட்டார்களோ அவருக்குத்தான் வாதாடுவார். கேட்டால், "வம்புக்குப் போறவனுக்கு ஆள் கெடைப்பாக. வம்பு வீடு தேடி வந்தவன் பாவமில்லையா?" என்பார்.

வீட்டில் அவர் பேச்சைக் கேட்க அத்தை அடுப்பில் இருக்கும் குழம்பையே இறக்கிவைத்துவிட்டு வருவார். அப்பேர்ப்பட்டவர் கோர்ட்டில் எப்படிப் பொழிவார் என்று பார்க்க எனக்கு ஆசை. எழுபதுகளில் ஒரு காலாண்டு லீவில் அடம்பிடித்து, பக்கத்து ஊர் முன்சீப் கோர்ட்டுக்கு அவரோடு பஸ் ஏறிவிட்டேன்.

அன்று திருவாதவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருக்காக ஆஜரானார். அவர் வயலுக்கும் அதை ஒட்டிய களத்துக்கும் வண்டி போக ஒரே வழி, பக்கத்துத் தோப்புதான். 'இங்கே வண்டிப்பாதையே இருந்ததில்லை, நடந்துதான் போவார்கள்' என்று தோப்புக்காரர் வழக்குப் போட்டிருந்தார். பாதை போனால் வயலும் போன மாதிரிதான். விவசாயியின் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

தோப்புக்காரர் கூண்டில் ஏறினார். மாமா கர்ஜிப்பார் என்று பார்த்தால், ஊர்க்கதை பேசுகிறார்!

"மூத்த மக கல்யாணத்தத் தோப்பு வீட்டுலதான் வச்சீகளாமே? பெருங்கூட்டமாமே?"

தோப்புக்காரருக்கு முகமெல்லாம் பல். "எம்புட்டுக் கூட்டம்ங்கிறீக! மாப்பிள்ளை வீட்டுச் சனம் வண்டி வண்டியா வந்து எறங்குச்சு."

"அம்புட்டு வண்டியையும் எங்க அவுத்துப் போட்டீக?"

"இவுக களத்துலதான். இவுக அப்பாதான் நின்னு மாட்டுக்கு வைக்கோல் போட்டாரு."

நீதிபதி அதைக் கையால் எழுதி முடிக்கும்வரை மாமா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவ்வளவுதான் கேள்வி என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு மானமே போயிற்று.

தீர்ப்பும் எதிராகத்தான் வந்தது. அத்தை விடுவாரா? "கோர்ட்டுல போயி கல்யாணத்த விசாரிச்சா பாயாசம் வேணா கெடைக்கும்."

மாமா சிரித்தார். "இன்னொரு பந்தி இருக்குடி."

மறுவருஷம் மதுரையில் அப்பீல். அதற்கும் நான் கூடவே போனேன். அதுவரை விவசாயியின் வீட்டு அக்கா கதிர்க்கட்டைத் தலையில்தான் சுமந்தாராம். இந்தக் கோர்ட்டில் சாட்சியைக் கூப்பிடவில்லை. முன்பு எழுதி வைத்ததை வைத்துத்தான் பேச்சு. மாமா அந்தக் கல்யாணக் கதையை மட்டும் நிதானமாக வாசித்தார். நீதிபதி எதிர் வக்கீலைப் பார்த்தார்.

"தோப்பைத் தாண்டித்தானே களம்? அத்தனை வண்டியும் எந்த வழியாப் போச்சு?"

எதிர் வக்கீல் தாள்களைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். பாதை கிடைத்துவிட்டது. முதல் கோர்ட்டிலேயே மாமா இந்த நீதிபதிக்கும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்ததும் அந்த அக்கா அழுகையும் சிரிப்புமாக நின்றார். விவசாயிக்கோ கால் தரையில் இல்லை. "நாளைக்கே வண்டியப் பூட்டி, அவரு கண்ணு முன்னாடி ஓட்டுறேன் பாருங்க வக்கீலய்யா!"

"நல்லா ஓட்டுங்க. மொத நாளு மட்டும் அவரு வாசல்ல நிறுத்தி, 'அண்ணே, போயிட்டு வாரேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓட்டுங்க."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஜெயித்தவர் தோற்றவரிடம் போய் எதற்குச் சொல்ல வேண்டும்? வீடு வந்து சேரும்வரை மாமாவோடு நான் பேசவில்லை. நாங்கள் மதுரையிலேயே இருந்துவிடுவோம், விவசாயியும் தோப்புக்காரரும் அன்று சாயங்காலம் ஒரே பஸ்ஸில்தான் ஊர் திரும்ப வேண்டும் என்பது என் சின்ன மண்டைக்கு எட்டவேயில்லை.