கல்லறையில் விரித்த துவாய்

ஜெர்மனியில் யூரோ புழங்கத் தொடங்கியிருந்த காலம். வுப்பர்டால் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த லானி ஹவாய்க்காரி. அவளுடைய ஊரில், முன்னோரைப் புதைத்த கடற்கரை மணல்மேட்டில் ஹோட்டல் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. அங்கே ஊரே எதிர்த்து நின்றது. இங்கே லானி கையெழுத்துச் சேர்த்தாள். விமானப் பயணச்சீட்டு விற்கும் யோசேப்பு அண்ணையிடம் அவளைக் கூட்டிப்போனது நான்தான்.

"பழைய எலும்புக்கு ஏன் தங்கச்சி இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஹோட்டல் வந்தா நானே ஆக்களை அனுப்புவன்" என்று சிரித்தார்.

தமிழ் புரியாத லானி, அவர் சிரித்ததைப் பார்த்து நன்றி சொன்னாள். எங்கள் ஊரில் என் அப்பாவைப் புதைத்த சேமக்காலையின் மேல் அப்போது ராணுவ முகாம் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணை, இங்கேயே அடக்கம் செய்த தன் தாயின் கல்லறைப் பூக்களுக்குத் தண்ணீர் ஊற்ற வருவார். நான் முந்திப் போய், அந்தக் கல்லின்மேல் கடற்கரைத் துவாயை விரித்து, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு படுத்தேன்.

அவர் கையிலிருந்த பூவாளி விழுந்தது. "எழும்படி! கீழ அம்மா படுத்திருக்கிறா!"

"பழைய எலும்புதானே அண்ணை. நல்ல காத்து வருது. ஹோட்டலும் கட்டலாம்."

அவர் வாய் கோணியது. நான் அவசரப்படாமல் துவாயை மடித்தேன்.

மறுநாள் அவரே தேடி வந்து கையெழுத்து வைத்தார். லானி மறுபடியும் நன்றி சொன்னாள். நான் சொல்லவில்லை.

நியாயத்தை எடுத்துச் சொன்னால் மனிதர் விளங்கிக்கொள்வார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன். இப்போது அந்தத் துவாயைத்தான் நம்புகிறேன். ஹோட்டல் முதலாளியின் தாயை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று மட்டும் யாராவது சொல்லட்டும்.