கிராணி வீட்டுப் பின்வாசல்

பல வருடங்களுக்கு முன் நின்றுபோன, ரப்பர் தோட்டத்து வாழ்க்கையைக் காட்டும் நாடகம் மறுபடியும் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பில் அதிகம் சந்தோஷப்பட்டவர் பக்கத்து வீட்டு அண்ணன்தான். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தனியாகப் பார்க்கப் பிடிக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அவரும் என் மனைவியும் ஆயர் தாவார் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர் பெரிய கிராணியின் மகன். அவருடைய அப்பாவுக்குத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் உத்தியோகம், மேட்டில் தனி வீடு. இவள் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவரின் மகள், லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவள். அங்கே இருந்தவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இங்கே வந்த பிறகுதான் அண்ணன், தங்கச்சி என்று ஆனார்கள்.

முதல் சில வாரங்கள் ஒரே சிரிப்பு.

"லயத்துல யாரு இப்படிச் சேலை கட்டுனா? கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு லா" என்பாள் இவள்.

தோட்டத்தை விட்டு வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சண்டையே நடந்தது. கிராணியை ரொம்பக் கெட்டவனாகக் காட்டுகிறார்கள் என்றார்கள் சிலர். நடந்ததில் பாதிகூடக் காட்டவில்லை என்றார்கள் சிலர். அண்ணன் எல்லாவற்றையும் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

ஒரு வாரம், நாடகத்தில் கிராணி வீட்டில் விறகு பிளக்க வந்தவருக்குப் பின்வாசலில் பழைய பால் டின்னில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தவர் அவரே கழுவி வேலியில் கவிழ்த்தார்.

அண்ணன் தலையை ஆட்டினார். "இதெல்லாம் சும்மா கூட்டிச் சொல்றது. எங்க வீட்டுல அப்படி இல்ல."

பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிரவில்லை. "இருந்துச்சு அண்ணே. உங்க வீட்டுக்கு விறகு பொளக்க வந்தது எங்கப்பாதான். நானும் கூட வருவேன். எனக்கும் அதுலதான்."

விளம்பரம் வந்தது. அண்ணன் காபியைக் குடித்து முடித்து, குவளையை எடுத்துக்கொண்டு எங்கள் குசினிக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"வைங்கண்ணே, நான் கழுவிக்கிறேன்."

"பரவால்லம்மா. வாரேன்."

அடுத்த வாரம் அவர் வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டதற்குத் தலைவலி என்றார். நாடகத்தின் பாட்டு மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

"நான் சொன்னது பொய்யில்ல," என்றாள் இவள். "ஆனா அவரு அப்பச் சின்னப் பையன். அவரச் சொல்லணும்னு இல்ல. அப்படி இல்லேன்னு அவரு சொன்னப்ப, எங்கப்பாவே இல்லேன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு."

மீன் குழம்பு வைத்து எடுத்துப் போனாள். அதுவரை நீ, வா என்று பேசியவர், "எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்" என்று வாங்கிக்கொண்டாராம். அந்த 'உங்களுக்கு' அவளை ரொம்ப வருத்தியது.

சில மாதங்களில் அவர் மகனோடு போய் இருக்க முடிவு செய்தார். கிளம்பிய காலையில் இவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். சாமான்களைக் காரில் ஏற்ற நான் உதவினேன்.

"அந்த வேலி ஞாபகம் இருக்கு," என்றார் திடீரென்று. "விறகுக் கட்டைகூட ஞாபகம் இருக்கு. தங்கச்சிய அங்க பாத்ததாவே ஞாபகம் இல்ல. அப்புறம் எப்படி அது மொகத்தப் பாக்கறது?"

அவள் வரும்வரை இருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. கைகொடுத்து அனுப்பிவிட்டேன்.

தீபாவளிக்குப் போன் செய்தார். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். மழை, முட்டி வலி, மகனுக்குப் பெண் பார்ப்பது. தோட்டத்தைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.