மதினியிடம் கேட்காத கேள்வி

தாராவியில் அண்ணன் வீட்டுக்கு ஒன்று என்றால் செம்பூரில் இருக்கும் எனக்குத்தான் போன் வரும். ரேஷன் ஆபீஸோ ஆஸ்பத்திரியோ, இந்தியும் அரைகுறை ஆங்கிலமுமாகப் பேசிக் காரியத்தை முடித்துவிட்டு வருகிறவள் நான் என்று எங்கள் சொந்தத்தில் பெயர். எனக்கும் அதில் கொழுப்பு உண்டு. அந்தக் கொழுப்பு என்ன செய்தது என்று எழுதக் கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அண்ணன் தோல் பை தைக்கிறவன். மதினி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எத்தனையோ வருஷமாகியும் இந்தி நாலு வார்த்தைக்கு மேல் ஏறவில்லை. போன மழைக்கு முந்தின மழையில் பேச்சு குறைந்தது. அப்புறம் சமையல் நின்றது. அப்புறம் சாப்பாடும். காரணம் என்று ஒன்றையும் சொல்ல முடியாது. மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அன்று ஆஸ்பத்திரியில் அண்ணன் கீழே மருந்து வரிசையில் நின்றான். மேலே டாக்டரம்மாவின் முன்னால் நானும் மதினியும்தான். ஷாக், அதாவது கரண்ட் வைத்தியம், செய்யலாம் என்றார் அவர். மராத்திக்காரர், இந்தியில் பொறுமையாக விளக்கினார். ஒரு காலத்தில் மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தார்களாம். இன்சுலின் போட்டு நினைவிழக்க வைத்தார்களாம். மயக்க மருந்து இல்லாமலே கரண்ட் வைத்ததில் சிலருக்கு எலும்பு முறிந்ததாம். அதையெல்லாம் நான் நியாயப்படுத்த மாட்டேன் என்றார். இப்போது மயக்க மருந்து உண்டு, தசையைத் தளர்த்த ஊசி உண்டு, சில நிமிஷத்தில் முடிந்துவிடும், அந்த வாரங்களின் ஞாபகம் கொஞ்சம் போகலாம். சாப்பிடாத ஆளை வைத்துக்கொண்டு மாத்திரைக்காகக் காத்திருப்பது ஆபத்து. “அவங்களுக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

எல்லாமே எனக்குப் புரிந்தது. சின்ன வயதில் எங்கள் சந்தில் ஒருவரைக் கரண்ட் வைக்கவென்று கட்டித் தூக்கிப் போனார்கள், அதை நினைத்துப் பயந்துவிட்டேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். என் மகளுக்கு அப்போது சுனாபட்டியில் வரன் பேசிக்கொண்டிருந்தோம். மாத்திரை என்றால் சத்து மாத்திரை என்று சமாளிக்கலாம். தாய்மாமன் பெண்டாட்டிக்குக் கரண்ட் வைத்தார்கள் என்றால்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மதினியின் பக்கம் திரும்பினேன். “மதினி, டீ குடிக்கியளா?”

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“பாருங்க டாக்டர், வேண்டாம்னுட்டாங்க” என்று இந்தியில் சொன்னேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். தண்ணீரும் குடிக்காமல் போனால் உடனே கூட்டி வரச் சொன்னார். கீழே அண்ணன், “ஏளா, டாக்டரம்மா என்ன சொல்லுதாவ?” என்றான். மருந்தே போதுமாம் என்றேன்.

ஒன்பதாம் நாள் மதினி தண்ணீரையும் விட்டாள். மாடி அறையின் இரும்பு ஏணி வழியாக அண்ணன் அவளைத் தோளில் போட்டு இறக்கினான். கீழே நின்று கால்களைப் பிடித்தேன். ஐயோ, கனமே இல்லை.

இந்த முறை டாக்டரம்மா என்னிடம் கேட்கவில்லை. தமிழ் பேசும் ஆயா ஒருத்தியைக் கூப்பிட்டு, ஒன்றொன்றாகச் சொல்லச் சொன்னார். ஆயா குனிந்து, “எம்மா, மயக்கம் குடுத்துக் கரண்டு வைப்பாவ. வலிக்காது. கொஞ்சம் மறதி வரும். வச்சுக்கிடுதியா?” என்றாள்.

“வைக்கச் சொல்லுங்க” என்றாள் மதினி.

அண்ணன் என்னைப் பார்த்தான். “இத ஏன் அன்னைக்கே சொல்லல?”

“அன்னைக்கு இவ்வளவு வெவரமா சொல்லலண்ணே.” டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாதது எனக்கு வசதியாகப் போயிற்று.

நாலாவது தடவை வைத்த அன்று மத்தியானம், கஞ்சியில் உப்பு இல்லையே என்றாள். அண்ணன் வராந்தாவில் ஓவென்று அழுதான். நானும் அழுதேன். என் அழுகையில் எது பயம், எது சந்தோஷம் என்று எனக்கே தெரியவில்லை.

மறதியும் வந்தது. மாட்டுங்காவில் போய் எடுத்த தீபாவளிச் சேலை ஞாபகமில்லை. சுனாபட்டி வரனும் ஞாபகமில்லை. அது ஜாதகம் பொருந்தாமல் தானாகவே தட்டிப்போயிருந்தது. அவள் ஒவ்வொன்றாக மறந்தது தெரியத் தெரிய, அந்த நாளும் போயிருக்கும் என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். சீ, என்ன ஜென்மம்!

போன மாதம் மாட்டுங்கா மார்க்கெட்டில் அவளே பேரம் பேசி முருங்கைக்காய் வாங்கினாள். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம்.

“ஏளா, எவ்வளவோ மறந்துட்டு. ஒண்ணு மட்டும் மறக்கல. அன்னைக்கு அந்த டாக்டரம்மா அவ்வளவு நேரம் பேசினாவ. ஷாக்குன்னது எனக்கு வெளங்கிச்சு. நீ திரும்பி டீ குடிக்கியளான்னு கேட்ட.”

முருங்கைக்காய்ப் பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்தேன்.

“ஷாக்கு வச்சாலும் இவ தேறமாட்டான்னு சொல்லிட்டாவ போல, அத என்கிட்ட சொல்ல மாட்டாம டீ கேக்கான்னு நெனச்சேன். இனி தண்ணி மட்டும் எதுக்குன்னு அதையும் விட்டேன்.” என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “பாவம், எனக்காக எம்புட்டுக் கஷ்டப்பட்டியோ.”

“ஆமா மதினி” என்றேன்.