சிவப்புப் பொட்டு வைத்த கதிரைகள்

சனசமூக நிலையத்துத் தலைவர் அவர்களே, முதலாளியை அவமதித்தது நீங்கள்தான். அதுவும் அவருடைய பிரேதம் வீட்டில் கிடக்கும்போது, அவர் வாங்கித் தந்த கதிரைகளை வைத்தே அவமதித்தீர்கள்.

முதலாளி என்று ஊர் கூப்பிட்டது எங்கள் சந்தியில் இரும்புக்கடை வைத்திருந்தவரை. நான் அந்தக் கடைக்கு எதிரே சைக்கிள் திருத்துகிறவன். பாதி ஆயுள் அவருடைய முகத்தில்தான் விழித்தேன். இளம் வயதில் சைக்கிளில் வெங்காயம் கட்டிச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனவர். பிறகுதான் ஆணி, அலவாங்கு, சீமெந்து விற்கிற கடை போட்டார். இடப்பெயர்வு முடிந்து வந்து பார்த்தால் கடைக்குக் கூரையே இல்லை. மறுபடி போட்டார். பிள்ளைகள் கனடாவுக்கு வரச்சொல்லி அழுதார்கள்.

"அந்தக் குளிருக்கை இருந்து நான் ஆருக்கு ஆணி விக்கிறது?" என்று கேட்டுவிட்டு இங்கேயே இருந்தார். தொண்ணூறு தாண்டும்வரை இருந்தார்.

கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதற்குள் சனம் குந்தி இருக்கக் கதிரைகள், நிழலுக்குத் தறப்பாள், தேத்தண்ணி ஊற்றுகிற பெரிய கேத்தில்கள். செத்தவீடு என்றால் யாரும் வந்து ஏற்றிக்கொண்டு போகலாம். வாடகை கிடையாது. முதலில் இரும்புக் கதிரைகள். அவை சண்டைக்குள் போய்விட்டன. பிறகு பிளாஸ்ரிக் கதிரைகள் வாங்கினார்.

இதில் என்ன பெரிய காரியம் என்று வெளியூர் ஆட்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் யார் கதிரையில் இருக்கலாம், யார் நிற்கவேண்டும், யார் மண்ணில் குந்தவேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. சாதிக் கணக்கு. வெளியில் சொல்ல வெட்கப்படுகிறோம், செய்ய வெட்கப்படுவதில்லை. நானும் உங்கள் பக்கத்து ஆள்தான் தலைவரே, அதனால் எனக்கு எல்லாம் தெரியும். முதலாளியும் அதே பக்கத்து ஆள். ஆனால் வாய்க்காலுக்கு அங்காலே இருக்கிற சனத்தின் செத்தவீட்டுக்குப் போன கதிரை அடுத்த கிழமை கோயில் வீதிப் பெரிய வீட்டுக்கும் போகும். ஒரே கதிரைதான்.

மற்றவர்கள் கதிரைக்குப் பின்னால் பெயின்றால் பெயர் எழுதுவார்கள். இவர் எழுதவில்லை.

"களவு போகாதே முதலாளி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போனால் போகட்டும். ஒருக்கால் அடையாளம் வைச்சால் பிறகு எது ஆருக்கெண்டு பிரிக்கத் தொடங்குவாங்கள். எங்கடை ஆக்களை எனக்குத் தெரியாதே?"

கோயில் வீதியில் ஒரு பெரியவரின் தாய் செத்தபோது கதிரைகள் போய் இறங்கின. பெரியவர் விறுவிறென்று கடைக்கு வந்தார்.

"தம்பி, உதிலை முந்தி ஆர் ஆர் இருந்தவை?"

"செத்தவீட்டுக்கு வந்த சனம் இருந்தது, அண்ணை. உங்கடை வீட்டுக்கும் அதுதானே வரப்போகுது?"

கதிரைகள் அப்படியே திரும்பி வந்தன. பெரியவர் பாய் விரித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கந்தோர் உத்தியோகக்காரர்கள் இறுக்கமான காற்சட்டையோடு வந்து, பாயில் குந்த முடியாமல் வாசல் படலையடியில் கால்மாறிக் கால்மாறி நின்றார்கள். பின்னேரம் பெரியவரின் மருமகன் கதிரை ஏற்ற லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினோடு வந்து தலையைச் சொறிந்தான். "அண்ணையின்ரை கோவத்துக்குக் கதிரை என்ன செய்யும்? ஏத்தும்," என்றார் முதலாளி. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கால் விழுந்து படுக்கையான பிறகு எல்லாவற்றையும் உங்கள் நிலையத்துக்குத் தந்தார். ஒரே ஒரு நிபந்தனை, அடையாளம் வைக்கக்கூடாது. அவருடைய கட்டிலடியில் நின்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஓம் ஐயா, யோசியாதேங்கோ." நான் பக்கத்தில் நின்றேன்.

கடைசி மாதங்களில் அவருக்கு என் முகமே மறந்துபோனது. ஆனால் போகும்போதெல்லாம் ஒன்று கேட்பார். "கதிரை எல்லா இடமும் போகுதே?" போகிறது என்பேன். கண்ணை மூடிக்கொள்வார். அவருடைய வாழ்நாளில் மிஞ்சியது அந்தக் கேள்விதான்.

செத்தவீட்டன்று நீங்கள் மைக்கில் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். வேற்றுமை பாராத வள்ளல் என்றீர்கள். அந்த நேரம் முதலாளியின் கடைக்குச் சுவர் கட்டிய மேசன் அண்ணை வாய்க்காலுக்கு அங்காலே இருந்து தன் சனத்தோடு வந்து பந்தலுக்குள் ஒரு கதிரையை இழுத்தார். உங்கள் நிலையத்துப் பொடியன் ஒருவன் ஓடி வந்தான்.

"அண்ணை, உங்கடை ஆக்களுக்கு அங்காலை போட்டிருக்கு."

"எங்கை தம்பி?"

"மதிலோடை."

மதிலோடு வெயிலில் கிடந்த கதிரையைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் சிவப்புப் பெயின்றில் ஒரு பொட்டு. பக்கத்துக் கதிரையிலும் பொட்டு. பந்தலுக்குள் கிடந்தவற்றில் ஒன்றிலும் இல்லை. உங்கள் செயலாளரைப் பிடித்தேன்.

"உது என்ன அடையாளம்?"

"அது... கழுவி அடுக்கச் சுகம், அண்ணை."

"ஆர் இருந்ததைக் கழுவுறனீங்கள்? நான் இருந்ததையும் கழுவுறனீங்களோ?"

"செத்தவீட்டிலை நிண்டு கத்தாதேங்கோ. மரியாதையில்லை."

மரியாதை! மேசன் அண்ணை என் கையைப் பிடித்தார். "விடும் தம்பி. முதலாளிக்காக வந்தனான், கதிரைக்கு வரேல்லை." பிரேதம் எடுக்கும்வரை வெயிலில் நின்றார். அவரோடு வந்த சனமும் நின்றது. சிவப்புப் பொட்டுக் கதிரைகள் மதிலோடு வெறுமையாகக் கிடந்தன. நானும் நின்றேன். அவர் வாங்கிய கதிரையில் அவருடைய செத்தவீட்டிலேயே எங்களால் இருக்க முடியவில்லை.

இப்படி எத்தனை செத்தவீடுகளுக்குப் பிரித்து அனுப்பினீர்களோ தெரியாது. "போகுது, போகுது" என்று அந்த மனிசனுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

பொட்டு வைத்த கதிரை ஒன்று இப்போது என் கடை வாசலில் கிடக்கிறது. கேட்காமல்தான் எடுத்து வந்தேன். களவென்றால் பொலிசுக்குப் போங்கள். அங்கேயும் பொட்டு எதற்கென்று கேட்பார்கள்.

வருகிற பொதுக்கூட்டத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருவேன். மேசன் அண்ணையையும் கூட்டி வருவேன். அவர் முன்வரிசையில் அதில் இருப்பார். அன்றைக்குக் கதைத்த அதே மைக்கைப் பிடித்து, அவருடைய முகத்தைப் பார்த்து, ஊர் கேட்கச் சொல்லுங்கள் தலைவரே. பொட்டு வைக்கச் சொன்னது யார்? கழுவுகிற கதை வேண்டாம். பெயரைச் சொல்லுங்கள்.