வெர்லீன் தைத்த கோட்டு

இல்லை, அந்தக் கோட்டை வெர்லீன் அவனுக்குப் போட்டு அழகு பார்க்கத் தைக்கவில்லை. புதன்கிழமை சர்ச் சாப்பாட்டில் பீன்ஸ் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ராய்ஸ் ஜெயில்லேர்ந்து வரப்போறான், இவ கோட்டு தைச்சு வச்சுக் காத்துக்கிட்டிருக்கா. சூடு சொரணை இருக்கா பாரு," என்று நோவா ஜீன் சொன்னாளே, அது பொய். கோட்டு தைத்தது மெய். அளவு அவள் பழைய புருஷன் ராய்ஸுடைய அளவு என்பதும் மெய். அதற்கு மேல் நோவா ஜீனுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த டென்னசி மலைப்பக்கத்தில் படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு வீடு தேடிப்போய் முடி வெட்டுகிறவள் வெர்லீன். நோவா ஜீனின் தாய்க்கும் அவள்தான் வெட்டுகிறாள். பனிக்காலத்தில் கத்தரியைச் சட்டைப்பைக்குள் கையால் பொத்திச் சூடேற்றிய பிறகுதான் காதோரம் கொண்டுபோவாள். "வயசான காது, சில்லுனு பட்டா தூக்கிவாரிப் போடும்," என்பாள். அப்படிப் பொத்துகிற இடது கைதான் ராய்ஸ் கதவிடுக்கில் வைத்து நசுக்கிய கை. எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது.

கிட்டே வரக்கூடாது என்று அவனுக்குக் கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. இருந்தென்ன, கீழேயிருந்து போலீஸ் வண்டி மலை ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் துப்பாக்கி. தோட்டா ஏற்றுவதற்குப் பெரிய துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க அந்தக் கைக்கு வலு கிடையாது. முப்பத்திரண்டு அளவுத் தோட்டா போடுகிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றை வாங்கினாள். வாங்குவது சுலபம், அதற்குள் எதைப் போடுவது என்பதுதான் பாடு.

கடைக்காரன் கார்வின், மூக்கில் குழி விழுந்த தோட்டாவை எடுத்து வைத்தான். "இதான்க்கா. உள்ள போனதும் பூ மாதிரி விரியும். பொட்டில படம் பாருங்க."

"படத்துல கோட்டே இல்லையேப்பா."

"யார் கோட்டு?"

"ராய்ஸ் கோட்டு."

கார்வின் பொட்டியைத் திருப்பிப் படத்தை இன்னொரு முறை பார்த்தான்.

இருந்தாலும் ஒரு பொட்டி வாங்கிப் போட்டுப் பார்த்தாள். முதல் தப்பு அங்கே நடந்தது. துப்பாக்கியை உறையில்லாமல் ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் முடி வெட்டினாள். ஒரு மத்தியானம் அடுக்களை மேசையில் தோட்டாக்களை உருவிப் பார்த்தால், மேல் தோட்டாவின் மூக்குக் குழி நிறைய நரைமுடி. யார் முடி என்று பார்த்ததுமே தெரிந்தது. "நோவா ஜீன் அம்மா, நீங்க எங்க இங்க வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுக் கொண்டை ஊசியால் தோண்டி எடுத்தாள். அன்றைக்கே ஒரு தோல் உறை தைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பைக்குள் இருக்கும்போதே முடி அடைத்துக்கொள்கிற குழி, கோட்டுப் பஞ்சைத் துளைத்துப் போகும்போது சும்மா இருக்குமா?

எந்தக் கோட்டோடு உள்ளே போனானோ, அதே கோட்டோடுதான் அவனை வெளியே விடுவார்கள். அதற்கு உள்துணியும் பஞ்சும் வைத்து இரட்டைத் தையல் போட்டவள் அவளேதான், நல்லாயிருந்த காலத்தில். அதே கனத்துத் துணி, அதே பஞ்சு, அதே தையல். இரண்டாவது கோட்டு அப்படித்தான் பிறந்தது. நோவா ஜீன் ஜன்னல் வழியாகப் பார்த்தது இதைத்தான்.

தம்பியின் மேய்ச்சல் நிலத்தில், மண்மேட்டுக்கு முன்னால், உடம்புக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பால் கேன்களை வரிசையாக வைத்து, முதல் கேனுக்குக் கோட்டைப் போர்த்திச் சுட்டாள். கார்வினும் வந்திருந்தான். குழி மூக்குத் தோட்டாக்களில் சில, பஞ்சை அடைத்துக்கொண்டு விரியாமலே போயின. சில விரிந்து, சீக்கிரமே நின்றுவிட்டன. ஒன்று சுடுவதற்கு ஏறும்போதே துப்பாக்கிக்குள் சிக்கிக்கொண்டது.

"எது எப்ப என்ன செய்யும்னு சொல்ல முடியலியேக்கா," என்றான் கார்வின்.

"அப்படி ஒருத்தனோட குடும்பம் நடத்திப் பார்த்துட்டேன். பாக்கெட்டுல வேற ஒண்ணு வேணாம்."

குழியே இல்லாத மொழுக்கை மூக்குத் தோட்டா ஒவ்வொரு முறையும் சிக்காமல் ஏறியது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே கேனில், வேண்டிய ஆழத்தில் போய் நின்றது. விரியாது, அழகு கிடையாது, பழைய சரக்கு.

"இது குறி தப்பினா பின்னால நிக்கிறவனையும் தொடும்க்கா."

வெர்லீன் ஓட்டைக் கேன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். "எது தப்பினாலும் தொடும் கார்வின். பின்னால யார்னு முதல்ல பார்க்கணும். பார்க்க முடியலன்னா, சுடக்கூடாது. அது தோட்டா பார்த்துக்கிற வேலை இல்ல."

ராய்ஸை விடுகிற நாள் வந்தது. வெர்லீன் அக்காள் வீட்டுக்கு ஓடிவிடுவாள் என்றார்கள் பாதிப் பேர், கேக் செய்து வைப்பாள் என்றார்கள் மீதிப் பேர். காலையில் நோவா ஜீனே போன் செய்தாள்.

"இன்னிக்கு நீ வரமாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்டி."

"ஏன், இன்னிக்குத்தானே அவங்க முறை?"

"இல்ல... அவன்..."

"தலையைக் கழுவி வை. வரேன்."

வெளியே பனி. நல்ல துணியை வீணாக்குகிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஆணியில் தொங்கிய அந்தக் கோட்டை எடுத்து, நெஞ்சில் இருந்த ஓட்டைகளைத் தைக்காமலே போட்டுக்கொண்டாள். வலது பையை வெளியே இழுத்து, பிடரிமுடி தட்டுகிற பிரஷால் தட்டிச் சுத்தம் செய்து, துப்பாக்கியை உறையோடு உள்ளே இறக்கினாள். கத்தரியை இடது பையில் போட்டு, கோணல் கையால் அதைப் பொத்திக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.